தொண்டும் வரியும்
(எமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தொண்டு என்பது மனமுவந்து கொடுப்பது. வரி என்பது மனம் உவவாவிடினும் கொடுத்தே தீரவேண்டியது. எனவே இவ்விரண்டையும் ஒரே தலைப்பிலே சேர்த்துப் பேசுவது பொருந்துமோ என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். எனினும் இவ்விரண்டும் வந்து சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. ஊருக்காக நெருப்பிலே இறங்கும் தொண்டனிடமிருந்து அவ்வூர் முழு வரியையும் வாங்குவது நியாயமா, அன்றிச் சிறிது விட்டுக்கொடுப்பது நியாயமா என்பதே அந்த இடம். இக்கேள்வி ஐக்கிய அமெரிக்காவிலே, சிறப்பாக நியூயோர்க் மாநிலத்திலே, அண்மைக் காலத்திற் பெரிதாக எழுந்தது. அதைப்பற்றி நாம் அறிந்தவற்றை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறோம். தொண்டு செய்வதற்கென்றே கூடிய ஒரு சங்கத்துக்கு இது அந்நியமான விஷயம் அன்று.

அமெரிக்காவின் தீயணைப்புப் படை என்றவுடன், செந்நிற வண்டிகளும், சீருடை அணிந்து சம்பளம் பெறும் வீரர்களும் நம் மனக்கண் முன்னே தோன்றுகின்றனர். பெரிய நகரங்களைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு. 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி அந்நாட்டிலே தீயணைப்போர் தொகை ஏறத்தாழ 10,41,200. அவர்களுள் 6,76,900 பேர் சம்பளம் பெறாத தொண்டர்கள். அதாவது நூற்றுக்கு 65 பேர் தம் சொந்த நேரத்தைக் கொடுத்து இப்பணியைச் செய்பவர்கள்.

இவர்கள் யார்? கமக்காரர், பாடசாலை ஆசிரியர், கடைக்காரர், மோட்டார் திருத்துவோர், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர். இடுப்பிலே ஒரு சிறு பேஜர் கருவி இருக்கும். அது அலறியதும், உண்ணும் உணவையும் உறங்கும் உறக்கத்தையும் விட்டெழுந்து தீயணைப்பு நிலையத்துக்கு விரைவார்கள். வண்டியை எடுப்பவரும் அவர்களே. குழாயைப் பிடிப்பவரும் அவர்களே. பல ஊர்களிலே அம்புலன்ஸ் வண்டியிற் செல்வோரும் இத்தகைய தொண்டர்களே. பல இடங்களிலே, இவ்வாறு செல்வதற்குமுன் நூறு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயிற்சியை அவர்கள் முடித்திருக்க வேண்டும். எரியும் வீட்டுக்குள்ளே புகுவதோ, மாரடைப்பால் விழுந்தவரின் உயிரைப் பிடித்து நிறுத்துவதோ நல்ல மனம் ஒன்றினால் மாத்திரம் கைகூடும் காரியம் அன்று.

இவ்வழக்கம் அங்கே மிகப் பழையது. 1736ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே பெஞ்சமின் பிராங்கிளின் பிலடெல்பியா நகரிலே யூனியன் தீயணைப்புக் கழகத்தைத் தொடங்கினார். அங்கத்தவர் ஒவ்வொருவரும் தோல் வாளிகளையும், பொருள்களை அள்ளிச் செல்வதற்கான பைகளையும் தம் செலவிலே ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். மாதந்தோறும் கூடித் தீயைப்பற்றிய அநுபவங்களைப் பேசவேண்டும். கூட்டத்துக்கு வராதவர் குற்றப்பணம் கட்டவேண்டும். அப்பணத்தைக் கொண்டே ஏணி முதலிய கருவிகளை வாங்கினார்கள். நண்பர்களே, நமது சங்கத்திலும் கூட்டத்துக்கு வராதவரிடம் குற்றப்பணம் அறவிடும் விதியைக் கொண்டுவந்தால், நமக்கும் விரைவிலே ஓர் ஏணியல்ல, ஒரு மண்டபமே கிடைத்துவிடும்! (சிரிப்பு)

அதற்கு அடுத்த ஆண்டு, 1737இலே, நியூயோர்க் குடியேற்றச் சட்டசபை வேறொரு வழியைக் கண்டது. நகரத்திலே தகுதியுள்ள ஆடவர்களைத் தீயணைப்போராக நியமித்து, அவர்கள் ஊர்க்காவலராகவும், யூரியாகவும், ஊர்ப்படையிலும் கட்டாயமாகச் செய்யவேண்டியிருந்த சேவைகளிலிருந்து விலக்களித்தது. இதிலே அடங்கிய தத்துவத்தைச் சிறிது கவனியுங்கள். அங்கே கூலி கொடுக்கவில்லை. ஒரு கடமையைச் செய்பவனிடம் மற்றொரு கடமையைக் கேளாது விட்டார்கள். ஆகவே, தொண்டனுக்கு வரிச்சலுகை என்பது நேற்று முளைத்த புதுமை அன்று. அதன் வேர் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆழமானது.

பிற்காலத்திலே நகரங்கள் பெருகின. 1853இலே சின்சினாட்டி நகரம் முற்றுமுழுதாகச் சம்பளம் பெறும் தீயணைப்புப் படையை அமைத்தது. 1865இலே நியூயோர்க் நகரமும் தொண்டர் படையைக் கைவிட்டுச் சம்பளப் படையை ஏற்றது. ஆனால் சிற்றூர்களிலே தொண்டர் முறையே நிலைத்தது. அம்புலன்ஸ் தொண்டும் இவ்வாறே பரவியது. வேர்ஜீனியா மாநிலத்து ரோனோக் என்னும் ஊரிலே, 1909இல் ஓர் ஓடம் கவிழ்ந்து இருவர் ஆற்றில் மூழ்கி இறந்தனர். கரையில் நின்றவர்களுக்கு அவர்களைக் காக்கும் வகை தெரியவில்லை. அதைக் கண்ட சிறுவன் யூலியன் ஸ்ரான்லி வைஸ். அவன் வளர்ந்து புகையிரதப் பகுதியிலே உத்தியோகமாகி, 1928இலே தன்னோடு வேலைசெய்த ஒன்பது பேரைச் சேர்த்து உயிர்காக்கும் முதலுதவித் தொண்டர் குழு ஒன்றை ஆரம்பித்தான். ஒரு சிறுவனின் மனத்திலே பத்தொன்பது ஆண்டுகளாகக் கிடந்த எண்ணம் ஒரு நாடு முழுவதுக்கும் வழிகாட்டியது. வாலிபர்களாகிய நாம் இதை மனத்திற் பதிக்கவேண்டும்.

இனி, இன்றைய கவலைக்கு வருவோம். 1984இலே அமெரிக்காவிலிருந்த தீயணைப்புத் தொண்டர் தொகை 8,97,750. மேலே சொன்னபடி 2020இலே அது 6,76,900. ஏறத்தாழக் காற்பங்கு குறைந்துவிட்டது. இதே காலப்பகுதியிலே வேலை குறைந்ததா என்றால், இல்லை. 1980இலே தீயணைப்புப் படைகளுக்கு வந்த அழைப்புகள் ஏறக்குறைய 1 கோடியே 8 இலட்சம். 2020இலே 3 கோடியே 64 இலட்சம். இவற்றுள் பெரும்பகுதி நெருப்புக்காக அன்று, நோயாளருக்காகவும் விபத்துக்காகவும் வந்த அழைப்புகள். கை குறைந்தது, வேலை மும்மடங்கானது. 2,500 பேருக்குக் குறைவாக வாழும் சிற்றூர்களிலோ தொண்டர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஐம்பது வயதைக் கடந்தவர். பென்சில்வேனியா மாநிலத்தின் நிலை இன்னும் பரிதாபமானது. 1970ஆம் ஆண்டுகளிலே ஏறக்குறைய மூன்று இலட்சமாக இருந்த தொண்டர் தொகை 38,000 அளவுக்கு இறங்கிவிட்டதென்று 2018இலே அம்மாநிலச் சட்டசபை நியமித்த ஆணைக்குழு அறிவித்தது.

இதற்குக் காரணம் அக்காலத்து வாலிபரிலும் இக்காலத்து வாலிபர் கெட்டவர் என்பதா? பெரியோர்கள் சிலர் அப்படிச் சொல்ல விரும்பலாம். (சிரிப்பு) ஆனால் உண்மை வேறு. முன்னே மக்கள் தாம் வாழ்ந்த ஊரிலேயே தொழில் செய்தார்கள். ஆலையோ கடையோ நிலையத்துக்கு அருகே இருந்தது. இன்று முப்பது, நாற்பது மைல் தூரம் சென்று உழைக்கிறார்கள். பகலிலே ஊரில் ஆள் இல்லை. கணவன் மனைவி இருவரும் உழைத்தாலன்றிக் குடும்பம் நடவாது. பயிற்சிக்குரிய நேரமும் பன்மடங்காகிவிட்டது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரிலே ஒரு வீட்டை வாங்கி வைத்திருப்பதே இளைஞனுக்கு அரிதாகிவிட்டது. ஊரிலே வாழ முடியாதவன் ஊரைக் காப்பது எங்ஙனம்?

இவ்விடத்திலேதான் வீட்டு வரி வந்து நுழைகிறது. நாம் நகரசபைக்குக் கட்டும் சோலைவரி போன்றதே அது. ஆனால் நம் நாட்டிலே அது வீட்டின் ஆண்டுப் பெறுமதியின்மேல் விதிக்கப்படுகிறது. நியூயோர்க்கிலோ வீடும் நிலமும் சேர்ந்த மதிப்பீட்டுப் பெறுமதியின்மேல் விதிக்கப்படுகிறது. கவுண்டிக்கு ஒரு பங்கு, ஊர்ச்சபைக்கு ஒரு பங்கு, பாடசாலை மாவட்டத்துக்கு ஒரு பெரும் பங்கு என்று சேர்ந்து, ஆண்டொன்றுக்குப் பல ஆயிரம் டொலராகத் தலைமேல் ஏறும் பாரம் அது.

முன்னே நியூயோர்க் மாநிலத்திலே சில கவுண்டிகளுக்கு மாத்திரம் தனித்தனிச் சட்டங்களினால் தொண்டர்களுக்கு வரிச்சலுகை கொடுக்கும் அதிகாரம் இருந்தது. ஆற்றுக்கு இக்கரையிலுள்ள தொண்டனுக்குச் சலுகை, அக்கரையிலுள்ளவனுக்கு இல்லை. 2022 டிசம்பரிலே ஆளுநர் ஹோக்குல் கையொப்பமிட்ட சட்டம் இப்பேதத்தை நீக்கி, மாநிலத்தின் எல்லா ஊர்ச்சபைகளுக்கும் அவ்வதிகாரத்தை வழங்கியது. அதன் சாரம் இது: தீயணைப்புப் படையிலோ அம்புலன்ஸ் படையிலோ பதிவுபெற்ற தொண்டன் தான் சொந்தமாக வைத்து வாழும் வீட்டின் மதிப்பீட்டுப் பெறுமதியிலே நூற்றுக்குப் பத்து வரையில் வரிக்குப் புறம்பாக்கலாம். அவன் குறைந்தது எத்தனை ஆண்டு தொண்டு செய்திருக்கவேண்டும் என்பதை, இரண்டு ஆண்டுக்குக் குறையாமலும் ஐந்து ஆண்டுக்கு மேற்படாமலும், அந்தந்தச் சபையே வகுக்கவேண்டும். இருபது ஆண்டு தொண்டு செய்தவனுக்கு ஆயுட்காலம் முழுவதும் சலுகையைக் கொடுக்கலாம். கடமையிலே உயிர்நீத்தவரின் மனைவிக்கோ கணவனுக்கோ அதைத் தொடரலாம். 'கொடுக்கலாம்' என்றுதான் சட்டம் சொல்கிறது. 'கொடுக்கவேண்டும்' என்று சொல்லவில்லை. ஊரவரைக் கூட்டிப் பகிரங்க விசாரணை நடத்திய பின்னரே சபை அதை ஏற்கலாம். ஆகவே முடிவு ஊரின் கையிலேதான் இருக்கிறது.

இதனால் யாருக்கு எவ்வளவு இலாபம், யாருக்கு எவ்வளவு நட்டம் என்பதை ஓர் உதாரணக் கணக்கினாற் பார்ப்போம். ஓர் ஊரிலே 2,000 வீடுகள் உண்டு என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் ஒரே பெறுமதி; ஒவ்வொன்றுக்கும் வரி 4,000 டொலர். ஊருக்குத் தேவையான பணம் 80 இலட்சம் டொலர். நாற்பது வீட்டுக்காரர் தொண்டர்கள். அவர்களுக்கு நூற்றுக்குப் பத்துச் சலுகை. நாற்பது வீட்டிலே பத்திலொரு பங்கு என்றால் நான்கு வீட்டுக்குரிய வரி குறைகிறது. சபைக்கு வேண்டிய தொகையோ குறையவில்லை. எனவே அந்த நான்கு வீட்டு வரியை ஊர் முழுவதும் பகிர்ந்து சுமக்கவேண்டும். கணக்கைப் போட்டுப் பார்த்தால், மற்ற வீட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் ஆண்டிலே ஏறக்குறைய 8 டொலர் கூடுகிறது. தொண்டனுக்கு ஏறக்குறைய 393 டொலர் மிஞ்சுகிறது. நடுநிசியிலே எழுந்து வருவதற்கு ஓர் ஆள் ஆயத்தமாக இருக்கிறான் என்ற நிம்மதிக்கு எட்டு டொலர் அதிகமா? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

எனினும் மறுபக்கத்தார் சொல்வதையும் கேளாது தீர்ப்புக் கூறுவது முறையன்று. அவர்கள் மூன்று தடைகளை எழுப்புகிறார்கள்.

முதலாவது தடை: கைம்மாறு கருதாது செய்வதே தொண்டு, சலுகையைக் காட்டி அழைத்தால் அது கூலியாகிவிடாதா? இது பாராட்டத்தக்க கேள்வி. மழையை நோக்கிக் கைம்மாறு செய்பவர் எவரும் இல்லை என்று நம் முன்னோர் சொன்னதை நாம் அறிவோம். ஆயினும் கைம்மாறு கருதாமை கொடுப்பவனுக்குரிய அறம். நன்றி மறவாமை பெறுபவனுக்குரிய அறம். தொண்டன் கேட்கக்கூடாது என்பது சரி. அதனால் ஊர் கொடுக்கக்கூடாது என்பது பெறப்படுமா? பெறப்படாது. மேலும் ஆண்டிலே நானூறு டொலருக்காக எரியும் கூரையின் கீழே எவரும் புகமாட்டார். பணியிலே இறக்கும் தீயணைப்போருக்கு நீண்டகாலமாகவே இருதயம் திடீரென நின்றுவிடுதல் முதன்மையான காரணங்களுள் ஒன்றாக இருந்துவருகிறது. அந்த ஆபத்துக்கு எந்தச் சலுகையும் விலையாகாது. அது விலையும் அன்று, மரியாதை.

இரண்டாவது தடை: ஒருவனுக்குக் குறைப்பது மற்றவனுக்குக் கூட்டுவதே, வறிய முதியவர் ஒருவர் வசதியான தொண்டனின் வரியை ஏன் சுமக்கவேண்டும்? இதிலே உண்மை உண்டு. பெறுமதியில் நூற்றுக்குப் பத்து என்றால், பெரிய வீட்டுக்காரனுக்குப் பெரிய சலுகையும் சிறிய வீட்டுக்காரனுக்குச் சிறிய சலுகையும் கிடைக்கும். தொண்டு ஒன்றாயிருக்கப் பரிசு வேறாகிறது. இதற்கு வேறு மாநிலங்கள் வேறு வழி கண்டிருக்கின்றன. கனெக்ரிகட் மாநிலத்திலே வீட்டின் பெறுமதியைப் பாராது, ஆண்டொன்றுக்குக் குறித்த டொலர்த் தொகை வரை வரியைக் குறைக்க ஊர்களுக்கு அதிகாரம் உண்டு. பென்சில்வேனியா 2016இலே இயற்றிய சட்டத்தினால், வீட்டு வரியில் மாத்திரமன்றி, ஊர்ச்சபை அறவிடும் உழைப்பு வருமான வரியிலும் சலுகை கொடுக்க வழிசெய்தது. எனினும், தொண்டர் இல்லையானால் ஊர் சம்பளப் படையை வைத்தே ஆகவேண்டும். அப்போது அந்த வறிய முதியவரின் வரி எட்டு டொலராற் கூடாது, பன்மடங்கு கூடும் என்பதையும் மறக்கலாகாது. தொண்டர்கள் தம் மாநிலத்துக்கு ஆண்டுதோறும் 300 கோடி டொலருக்கு மேல் மிச்சப்படுத்துகிறார்கள் என்று, 1872இலே நிறுவப்பெற்ற நியூயோர்க் மாநிலத் தீயணைப்போர் சங்கம் சொல்கிறது. தன் பக்கத்து வழக்கைத் தானே எடுத்துரைக்கும் சங்கத்தின் கணக்கு அது. அதிற் பாதியைத் தள்ளிவிட்டாலும் மிகுதி சிறு தொகை அன்று.

மூன்றாவது தடையே நமக்கு மிகவும் கனமானதாகத் தோன்றுகிறது. வீடு உள்ளவனுக்கே இச்சலுகை. வாடகை வீட்டில் இருப்பவனுக்கும், பெற்றோர் வீட்டில் இருக்கும் இருபது வயது வாலிபனுக்கும் இதிலே ஒன்றுமில்லை. படைக்கு மிகவும் வேண்டியவர்கள் யார்? ஏணியில் ஏறவும் குழாயை இழுக்கவும் வல்ல அந்த வாலிபர்களே. ஆனால் சட்டத்தின் கை அவர்களை எட்டவில்லை. ஏற்கெனவே வீடு வைத்திருக்கும் நடுவயதினரையே எட்டுகிறது. நியூயோர்க் மாநிலத்திலே 2007ஆம் ஆண்டு முதல் வருமான வரியிலே தொண்டருக்கு 200 டொலர் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று வந்தது. அது வீடற்றவனுக்கும் கிடைக்கக்கூடியது. ஆயினும் 200 டொலர் என்பது நிலையத்துக்குப் போய்வரும் எண்ணெய்ச் செலவுக்கே காணாது. ஆகவே வீட்டு வரிச் சலுகையை நாம் ஆதரிக்கிறோம். அது மாத்திரம் போதும் என்று சொல்வாரை ஆதரிக்கவில்லை. இருக்கும் தொண்டனை ஊரிலே நிறுத்திவைக்க அது உதவும். புதிய தொண்டனைக் கொண்டுவர வேறு உதவிகள் வேண்டும். கல்விச் செலவிலே உதவி, பயிற்சி நாள்களுக்கு முதலாளியிடமிருந்து விடுமுறை, குறைந்த வாடகைக்கு வீடு என்பன அவ்வகையின.

சலுகை நேர்மையாக நடைபெறவும் வேண்டும். பெயரை மாத்திரம் பதிந்துவிட்டு, பேஜர் அலறும்போது போர்வையை இழுத்து மூடிக்கொள்பவனுக்கும் சலுகை கிடைத்தால், உண்மைத் தொண்டனின் மனம் உடையும். அதனாலேதான் படையின் அதிகாரிகள் தொண்டரின் சேவையை உறுதிப்படுத்த வேண்டும் என்று சட்டம் விதிக்கிறது. வரவுப் புத்தகத்தை ஒழுங்காக எழுதுவதும் ஒரு தொண்டே என்பதைச் சங்கக் காரியதரிசிகள் நன்கறிவார்கள்.

அந்நாட்டு மத்திய அரசாங்கமும் ஒரு நல்ல காரியம் செய்தது. ஊர் கொடுக்கும் இத்தகைய வரிச்சலுகையை வருமானமாகக் கொண்டு அதன்மேல் மத்திய வரி வாங்கலாகாது என்ற விதியை, 2020 டிசம்பரிலே நிறைவேறிய சட்டத்தினால் நிரந்தரமாக்கியது. ஒரு கை கொடுத்ததை மறு கை பறிக்காதிருத்தல் அரசாங்கங்களுக்கு அரிய குணம், ஆதலால் பாராட்டுகிறோம்.

பெரியோர்களே, இவ்வெண்ணம் தமிழர்க்குப் புதியதன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலே ஏரிப்பட்டி என்றும் உதிரப்பட்டி என்றும் சொற்கள் வருகின்றன. ஏரியைப் பேணும் செலவுக்காக விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி. ஊருக்காகப் பொருது உயிர்விட்டவனின் குடும்பத்துக்குக் கொடுத்த நிலம் உதிரப்பட்டி. இறை நீக்கிக் கொடுத்த நிலத்தை இறையிலி என்றார்கள். உதிரம் சிந்தியவனின் வீட்டாரிடம் முழு வரியும் கேட்பது அழகன்று என்பதை அக்காலத்து ஊர்ச்சபைகளும் உணர்ந்திருந்தன. கடமையில் இறந்த தொண்டனின் மனைவிக்கு வரியைக் குறைக்கும் நியூயோர்க் ஊர்ச்சபையும், உதிரப்பட்டி கொடுத்த பழைய ஊர்ச்சபையும் ஒன்றையொன்று அறியா. ஆயினும் இரண்டும் ஒரே அறத்தைக் கண்டன.

முடிவாக ஒன்று சொல்வோம். ஓர் ஊர் தன் தொண்டர்களுக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பது முக்கியமே. அதனினும் முக்கியமானது, அவர்கள் இருக்கிறார்கள் என்பதை அவ்வூர் அறிந்திருக்கிறதா என்பது. ஒரு சபை ஊரவரைக் கூட்டி, 'இன்னின்னார் நமக்காக இத்தனை ஆண்டு விழித்திருந்தார்கள். அவர்களுக்கு நாம் என்ன செய்யலாம்?' என்று பகிரங்கமாகக் கேட்கும்பொழுது, அக்கேள்வியே ஒரு மரியாதையாகிறது. அக்கூட்டத்தின் பின்வரிசையிலே ஒரு வாலிபன் இருந்து அதைக் கேட்பான். மறுநாள் அவன் நிலையத்துக்குச் சென்று தன் பெயரைக் கொடுத்தால், அந்தச் சட்டம் தன் பயனைப் பெற்றுவிட்டது.

வாலிப நண்பர்களே, வரி கட்டும் வயது நம்மில் பலருக்கு இன்னும் வரவில்லை. தொண்டு செய்யும் வயது வந்துவிட்டது. பெரியோர்களே, நீங்கள் வரியும் கட்டினீர்கள்; தொண்டும் செய்தீர்கள். உங்களுக்குப்பின் வருகிறவர்கள் கையிலே ஒரு வாளியைக் கொடுத்து, முதுகிலே ஒரு தட்டும் தட்டிவிடுங்கள் என்று பணிவுடன் கேட்டு அமர்கிறோம்.